இத்தாலியை விளங்கிக்கொள்ளக் கொட்டாஞ்சேனைக்குப் போன கதை

2024 தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் என் கணவரும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தோம். தூரம் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர். இதுக்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் வெள்ளவத்தையில் குடியிருந்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் கனடாவுக்கு ஆறு தரம் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்கு ஒரு தரம் போனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன காரணம் என் மகள் ஆரணி. அவளோடு வேலை செய்யும் நிரோஷனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவர்கள் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர்; நாங்கள் சைவம். அதை நான் ஒரு கிழமை அழுது முடித்துவிட்டேன். முடியாமல் கிடந்தது பெடியனின் தகப்பன்தான். மரியதாஸ் என்று பெயர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. "வெள்ளவத்தை ஆக்களா? வந்து கதைக்கட்டும், பார்ப்போம்" என்றது மட்டும்தான் பதில்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம். இத்தாலி உதைபந்தாட்ட அணி. ஆகவே ஆரணி எனக்கு ஒரு தாளில் பாடம் எழுதித் தந்தாள். உலகக் கிண்ணம் நான்கு: 1934, 1938, 1982, 2006. முதல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தது ஒரே பயிற்றுநர். 1966இல் வடகொரியாவிடம் தோற்று ஊர் திரும்பியவர்களைச் சனம் தக்காளிப் பழத்தால் வரவேற்றது. 2018க்கும் 2022க்கும் தகுதி பெறவே இல்லை, இடையில் மட்டும் ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தேன். எங்கள் சித்தப்பா குடும்பத்தின் வரலாறு மாதிரியே இருந்தது.

வெள்ளவத்தை நிலையத்தில் 9.10 கோச்சிக்கு நின்றோம். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: ரயிலைத்தான் நாங்கள் கோச்சி என்போம். அது வந்தது 9.48க்கு. கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு முப்பது ரூபாய். கடல் பக்கம் இருந்தால் காற்று இலவசம், ஆனால் இருக்க இடம் வேண்டுமே. கதவடியில் நாலு தடியன்கள். உள்ளே போகவும் மாட்டார்கள், வழி விடவும் மாட்டார்கள். இவருடைய சேர்ட்டில் மூன்றாவது பொத்தான் பம்பலப்பிட்டியில் இறங்கிப் போய்விட்டது.

கோட்டையிலிருந்து ஓட்டோ. நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு வந்தார். மாளிகாவத்தைக்காரர்.

"மீட்டர் வேலை செய்யாதோ தம்பி?"

"செய்யும் மெடம். ஆனா உண்மை பேசாது."

கொட்டாஞ்சேனையில் இத்தாலிப் பிரியர் ஒருவர் வீட்டுக்குப் போகிறோம் என்றேன். "என்ட வைஃப்ட தங்கச்சியும் மிலானில மெடம். கிழவியொண்டைப் பார்க்கிறா. போன மாசம் கிழவி கீழ விழுந்திட்டு, இவவுக்கு லீவும் இல்ல" என்று தொடங்கி, இறங்கும் வரைக்கும் அந்தக் கிழவியின் முழங்கால் வரலாறு. இத்தாலி பற்றி அன்று நான் உருப்படியாக அறிந்தது அதுதான்.

வீடு இரண்டாம் மாடி. சுவரில் யேசுநாதர், பக்கத்தில் நீலச் சட்டைப் பதினொரு பேர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்விளக்கு மாலை. தொலைக்காட்சியில் பழைய ஆட்டம் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. மரியதாஸ் அண்ணர் எழும்பிக் கும்பிட்டார், திரும்ப இருந்து ஆட்டத்தைப் பார்த்தார். இவர் கூரை விசிறியைப் பார்த்தார். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் புது இடத்தில் விசிறிதான் துணை.

மரியதாஸ் அண்ணரின் மனைவி ஸ்டெல்லா அக்கா கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்து, "ஏன் இவ்வளவு லேட்டாயிருச்சு?" என்றா. "கோச்சி பிந்தி" என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்கக் குனிந்தேன். அதே நேரம் மரியதாஸ் அண்ணர் ஏதோ சொன்னார். தொலைக்காட்சிச் சத்தத்தில் வால்தான் என் காதில் விழுந்தது: "...பிழை முழுக்கக் கோச்சிலதான். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சொன்னது பயிற்றுநரை. கோச். எனக்கு விழுந்தது ரயில். 'இல' என்ற வால் ஒட்டினால் இரண்டும் ஒன்றுதான், தமிழைத்தான் நோக வேண்டும்.

"அதில என்ன சந்தேகம் அண்ணை?" என்றேன். முப்பத்தெட்டு நிமிடக் கோபம் உள்ளே இருந்தது. "நேரத்துக்கு ஒண்டும் நடக்கிறேல்லை."

அவர் நிமிர்ந்தார். "அதேதான்! மாத்த வேண்டியதை நேரத்துக்கு மாத்தணும்."

"முதல்ல எஞ்சினை மாத்தோணும். எல்லாம் பழசு, இழுக்கேலாது."

"நடுவில எஞ்சினே இல்லைங்க! நான் எத்தனை வருஷமா சொல்றேன்!"

"முன்னுக்கு நிக்கிறவங்களைப் பாருங்கோவன். தாங்களும் போகாங்கள், பின்னால வாறவனையும் விடாங்கள்."

"ஸ்டெல்லா, கேட்டியா?" முழங்காலில் ஓங்கி அடித்தார். தொலைக்காட்சியை நிறுத்தினார். அது அந்த வீட்டில் பெரிய வெள்ளிக்கு மட்டும்தான் நடக்கும் என்று பிறகு தெரிந்தது.

"முந்தியெண்டால் கதவு பூட்டியிருக்கும்," என்றேன். "இப்ப ஆர் பூட்டுகினம்? ஆவெண்டு திறந்து கிடக்கு. ஆரும் உள்ளுக்க வரலாம்."

மரியதாஸ் அண்ணர் எழும்பியே நின்றுவிட்டார். "கதவு," என்றார் மெல்ல. "கதவுன்னு சொல்லிட்டீங்க."

இத்தாலியர் ஒரு காலத்தில் எதிராளியைக் கோலடிக்க விடாமல் ஆடிய ஆட்டத்துக்கு அவர்கள் பாஷையில் பெயரே 'கதவுத் தாழ்ப்பாள்' தானாம். அது தெரிந்த ஒரே தமிழன் தான்தான் என்று அத்தனை காலமும் தனிமையில் வாழ்ந்திருக்கிறார் மனிதர்.

"அப்போ யாரைக் கொண்டு வரலாம்?" குரல் பூசையில் கேட்பதுபோல் தணிந்திருந்தது.

"சீனாவில இருந்து புதுசா ரெண்டை இறக்கினாச் சரி."

"சீனாவில இருந்தா?"

"இந்தியாவெண்டாலும் பரவாயில்லை. விலை குறைவு."

அவர் என்னைப் பார்த்தார், நீலச் சட்டைப் பதினொரு பேரையும் பார்த்தார். அதுவரை மூலையில் நகம் கடித்துக்கொண்டிருந்த நிரோஷன், "அப்பா, ஆன்டி டிரெய்னைச் சொல்றாங்க," என்றான்.

விசிறிகூட மெதுவாகச் சுற்றியது. என் பிள்ளையின் கலியாணம் கோட்டை நிலையத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்குவதைக் கண்ணால் கண்டேன். வேறு வழியில்லை. கைப்பையைத் திறந்து ஆரணியின் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அண்ணை, எனக்குப் பந்து உருண்டை எண்டதைத் தவிர ஒண்டும் தெரியாது. இதையும் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தனான். கோச்சில வந்த கோவத்தில அதுவும் மறந்து போச்சு."

கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். "1950 இல்லையே," என்றார்.

"என்னது?"

"பிரேசிலுக்குக் கப்பல்ல போனாங்க. அதுக்கு முந்தின வருஷம் பிளேன் விழுந்து அவங்க நல்ல பிளேயர்ஸ் எல்லாம் செத்துட்டாங்க. அந்தப் பயத்தில கப்பல். கப்பல் மேல்தட்டில விளையாடினாங்களாம், பந்தெல்லாம் கடலுக்குள்ள. போய் இறங்கித் தோத்துட்டாங்க." தாளை மடித்தார். "ஹார்பர்ல சேர்ந்த வருஷம் இதைக் கேட்டேன். கப்பலில போனவங்களைக் கைவிட மனசு வரல்ல."

பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளவத்தை ஆக்கள் வருவாங்க, ஃபேனைப் பார்ப்பாங்க, தேத்தண்ணியில பாதியை வச்சிட்டுப் போவாங்கன்னுதான் நினைச்சேன். அப்படி ஒரு வீட்டில என் மகன் மருமகனா இருக்க வேணாம்னு இருந்தேன். இந்த அம்மா தெரியாத விஷயத்தை என்னோட பத்து நிமிஷம் கதைச்சிட்டாங்க."

"நான் முப்பது வருஷமாத் தலையைத்தான் ஆட்டிக்கிட்டிருக்கேன், அக்கா," என்றா ஸ்டெல்லா அக்கா.

"பொண்ணை எப்போ கூட்டி வர்றீங்க?" என்றார் அவர். இவர் விசிறியிலிருந்து கண்ணை எடுத்து, ஸ்டெல்லா அக்கா அப்போதுதான் கொண்டுவந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். சூடு. கண்ணீர் வந்தது. அவர்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி, கொட்டாஞ்சேனைக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு. ஞாயிறு என்றால் பத்தரைக்கு முன் போகாதீர்கள், பூசை முடிந்து வந்திருக்கமாட்டார்கள். போக்குவரத்துக்கு இருவருக்கும் போக 410 ரூபாய். திரும்பும்போது நிரோஷன் காரில் கொண்டுவந்து விட்டதால் சுழியம். பாடமாக்கிப் போகாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் கோபத்தோடு சொல்லுங்கள்.

முக்கியமாக, பஞ்சாங்கத்தோடு உதைபந்தாட்ட அட்டவணையையும் கொண்டு போங்கள். நாள் பார்க்கத்தான் நாங்கள் பட்ட பாடு. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் அவர்களுக்கு ஆகாது, ஆடி எங்களுக்கு ஆகாது. ஆனியில் வைப்போம் என்றேன். ஆனியில் ஐரோப்பியக் கிண்ணம், இத்தாலி இறுதியாட்டம் வரைக்கும் போகும், நடுவில் கலியாணம் முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார் மரியதாஸ் அண்ணர். ஆவணி என்று முடிவாகி மண்டபத்துக்கும் முற்பணம் கட்டியாயிற்று.

யூன் 29ஆம் திகதி இத்தாலி சுவிற்சர்லாந்திடம் இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்று வெளியேறியது. அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மரியதாஸ் அண்ணர்.

"சம்பந்தி," என்றார். "ஆனி முடிய இன்னும் ரெண்டு கிழமை இருக்கு. எனக்கும் இனி ஒரு வேலையுமில்லை. கலியாணத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாமா?"