கப்டன் உடுப்பில் நின்ற நாள்

மியூசியத்தில் டிக்கெட் பார்க்கிறவனுக்கு நடிப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்று வேலைக்கு எடுக்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. ஒஸ்லோவில் எங்கள் மியூசியத்தில் அப்போது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயக் கடற்படைக் கப்டன் ஒருவரின் வாழ்க்கையைக் கண்காட்சியாக வைத்திருந்தோம். கப்டனாக நடிப்பவருக்கு அன்று காய்ச்சல். பொறுப்பாளர் இங்கர் அவருடைய உடுப்பை என் கையில் திணித்தார்.

"கப்டன் சொல்லுறதைக் கேட்டுக் கேட்டு உமக்குப் பாடமாயிருக்கும். இண்டைக்கு ஒரு வகுப்புத்தான்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"எல்லிங்ஸ்ருட், நாலாம் வகுப்பு."

என் மகள் ஆரணியின் வகுப்பு! சரிகைக் கோட்டுக்குள் என் தொப்பை அடங்கவில்லை. இந்தக் கறுத்த மனிதனை வெள்ளைக்காரக் கப்டன் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? முருகா, அவள் என்னை அடையாளம் மட்டுக்கட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் வந்து நிலத்தில் இருந்தார்கள். பதின்மூன்று வயதில் கப்பலேறினேன் என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கினேன். லெப்டினன்ட் ஆனதையும் திருகோணமலைத் துறைமுகத்தில் ஆழம் அளந்ததையும் சொன்னேன். ஆரணி இருந்த பக்கம் தலையைத் திருப்பவேயில்லை.

"அப்பா!" அவள் எழும்பி நின்று தமிழில் கூப்பிட்டாள். "வாள் பிழையான பக்கம் கட்டிக்கிடக்கு!"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் கப்டன் குரலிலேயே, நோர்வேஜிய மொழியில் கேட்டேன்: "யாரிந்தச் சின்னப் பெண்? என்ன மொழி கதைக்கிறாள்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரணி திரும்ப நிலத்தில் இருந்துவிட்டாள்.

அடுத்தது கப்டன் வீடு திரும்பிய கட்டம். ஐந்து வருடம் கடலில் கிடந்துவிட்டு வந்தவரைக் கண்டு, அவருடைய மகளே தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு நேரே அட்மிரல் பதவிக்குத் தாவினேன்.

பின்னேரம் வீட்டில் அவளிடம் போனேன். "உனக்கு வெட்கமாயிருக்கும் எண்டுதான் பிள்ளை அப்பிடிக் கேட்டனான்."

"எனக்கென்ன வெட்கம்? என்ர அப்பா அங்கைதான் வேலை எண்டு எல்லாரிட்டையும் சொல்லி வைச்சனான். இப்ப நான் பொய் சொன்னதெண்டு சிரிக்கினம்."

சீ, நானும் ஒரு தகப்பனா! வெட்கப்பட்டது அவளில்லை, நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இந்த வேலைக்கு வருகிற தம்பி, தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன்: வேடம் குலைந்தால் குலையட்டும். கூட்டத்துக்குள்ளிருந்து உங்கள் பிள்ளை கூப்பிட்டால், முதலில் "ஓம்" என்று சொல்லுங்கள்.