மணல் சட்டிக்குள் மருந்து

ஆடி பிறந்தால் எனக்கு நெஞ்சிடி தொடங்கிவிடும். சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கும், கிணறு அடிமட்டத்துக்கு இறங்கும். நெளுக்குளத்தில் எங்கள் வளவில் நிற்கிற தென்னையும் மாடும் மோட்டரை நம்பித்தான் இருக்கின்றன. மாரியில் சட்டென்று நிரம்புகிற தண்ணீர்த் தாங்கி, கோடையில் மோட்டர் எவ்வளவு ஓடினாலும் நிரம்பவே நிரம்பாது. அறுபது யூனிற்றைத் தாண்டினால் கரண்ட் பில்லின் கணக்கே வேறு. அந்தக் கோதாரி விழுந்த மீற்றரை விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா போய்ப் பார்ப்பேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். பார்த்தால் குறையுமோ என்று கேட்பார். அவருக்கென்ன, பில் கட்ட வரிசையில் நிற்பது நான்தானே.

போன கோடையில் பிரிஜ்ஜை நிற்பாட்டினேன். மீனும் பாலும் அன்றன்றைக்கு வாங்கினால் போச்சு. ஒரே பயம், என் வீட்டுக்காரரின் தாய், மாமியின் இன்சுலின். அவாவுக்குச் சீனி வருத்தம், ஊசியைத் தானே போடுவா. அந்த முறை ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்று வெளியே பாமசியில் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். பிரிஜ் இல்லாதவர்களுக்குக் கிளினிக்கில் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள். பெரிய சட்டியில் மணலை நிரப்பி, நனைத்து, நடுவில் சின்ன முட்டியை இறக்கி, அதற்குள் போத்தலை வைத்து ஈரத்துணியால் மூட வேண்டும். அப்படியே செய்தேன். செய்த நாளிலிருந்து என் நிம்மதி போனது. மணல் காய்ந்துவிடுமோ, மருந்து சூடேறிவிடுமோ என்று சமையல் முடிந்த பிறகும் எந்த நேரமும் குசினிக்குள்தான் நின்றேன். கையை விட்டால் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் கையை நம்பலாமா? போத்தலும் லேசில் முடியவில்லை. நல்லதாய்ப் போச்சு என்று நினைத்தேன், மொக்கு நான்.

அடுத்த கிளினிக்கில் மாமிக்குச் சீனி எக்கச்சக்கம். மருந்தைக் குளிரில்தான் வைக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு உயிருக்கு உலை வைத்தேனே என்று என்னையே நொந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரிஜ்ஜைப் போட்டேன். சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு அழுதேன்.

மாமி குசினி வாசலில் வந்து நின்றா.

"மருந்து பழுதாகேல்லை, பிள்ளை. நான்தான் பாதி பாதியாப் போட்டனான்."

"ஏன் மாமி?"

"நீ பிரிஜ்ஜை நிப்பாட்டினாய். என்ர பங்குக்கு நானும் ஏதும் மிச்சம் பிடிக்க வேணுமெல்லோ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏச வாயைத் திறந்தேன். என்னவென்று ஏசுவது? இந்த வீட்டுக்குப் பயத்தைப் பழக்கினதே நான்தானே.

இந்த வருடமும் ஆடி வந்துவிட்டது. பிரிஜ் ஓடுகிறது. அறுபதைத் தாண்டத்தான் போகிறது. பில் வருகிற அன்று மாமி கடதாசியைப் பார்க்க மாட்டா, என் முகத்தைத்தான் பார்ப்பா. அதனால் படலையடியிலேயே வாசித்து, மடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறேன். குறைவுதான் மாமி என்கிறேன். அவா ஊசியில் மருந்தை இழுக்கும்போது பக்கத்துக் கதிரையில் போய் இருக்கிறேன். மருந்து முழுக் கோட்டுக்கு ஏறும்வரை நான் எழும்புவதில்லை.