எஃப் எட்டு விசை

உச்ச நீதிமன்றத்தின் மூன்றாம் அறையில் எல்லோருக்கும் அவள் ஸ்டெனோ அக்காதான். இருபத்தாறு வருடமாக நீதிபதிகள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறாள். பதினோரு நீதிபதிகளைப் பார்த்தாயிற்று. ஆளுக்கு ஆள் குரல் மாறும், மூக்குக்கண்ணாடி மாறும், ஒரு வாக்கியம் மட்டும் மாறாது. 'மனுதாரர் விடுவிக்கப்பட்டுவிட்டதால், சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் செல்லவேண்டிய அவசியம் எழவில்லை.' அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடம் வரும்போதெல்லாம் அத்தனை பேரும் இதற்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். அடித்து அடித்து விரல் கடுத்துப்போய், ஒருநாள் அதைக் கணினியில் எஃப் எட்டு விசையில் ஏற்றிவைத்தாள். ஒரு தட்டு தட்டினால் முழு வாக்கியமும் வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கு அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வருடம் தங்கையின் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளி ஆசிரியர், ஒரு கூட்டத்தில் அரசாங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருந்தார். விசாரணையே இல்லாமல் ஒரு மனிதரை ஒரு வருடம் அடைத்துவைக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று கணவர் பெயரில் தங்கை போட்ட மனு, மூன்றாம் அறைக்கே வந்து சேர்ந்தது. உனக்கு உறவா என்று யாரும் ஸ்டெனோவைக் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

"ரெண்டே வாரம், கேஸை எடுத்துடுவாங்க. நீ தைரியமா இரு" என்றாள் தங்கையிடம், அப்படி நடக்காது என்று தெரிந்துகொண்டே.

வாய்தா மேல் வாய்தா. அரசு வக்கீலுக்கு ஒருநாள் பல்வலி. இன்னொரு நாள் வழக்குக் காகிதங்களில் பக்க எண் இல்லை. பிறகு நீதிபதியே, "இது பெரிய அரசியலமைப்புக் கேள்வி, ஆற அமரக் கேட்கணும்" என்று இரண்டு மாதம் தள்ளிவைத்தார். அதே வாரம் சட்டக் கல்லூரியில் அவருக்கு ஒரு சொற்பொழிவு. 'சாமானியனின் கடைசிப் புகலிடம் நீதிமன்றமே' என்று ஏழு பக்கம். தட்டச்சு செய்து கொடுத்தவள் ஸ்டெனோ அக்காதான்.

வருடம் முடிந்த அன்று காலையில் வழக்கை எடுத்தார்கள். அரசு வக்கீல் எழுந்து, இன்று விடுவிக்கிறோம் என்றார். நீதிபதியின் முகம் தெளிந்துவிட்டது. "மனுதாரர்..." என்று அவர் தொடங்குவதற்குள் திரையில் முழு வாக்கியமும் நின்றது. பழகிய விரல், தானாகப் போய்த் தட்டிவிட்டது.

"பரவாயில்லையே, என்னைவிட வேகமா இருக்கீங்க" என்று நீதிபதி சிரித்தார்.

இடைவேளையில் அந்தக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். அருவருப்பு போகவில்லை. ஈரம் துடைக்குமுன் தங்கையின் போன், சிறை வாசலிலிருந்து.

"அக்கா, வெளியில வந்தாரு. வேன் ரெடியா நின்னுச்சு. புது உத்தரவாம். அதே சட்டம், இன்னொரு வருஷம். நம்ம கேஸ் இன்னும் இருக்கில்ல? ஐயாகிட்ட இப்பவே சொல்லு."

தீர்ப்பில் இன்னும் கையெழுத்து விழவில்லை. ஸ்டெனோ அக்கா அதை எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைக்குப் போனாள்.

"ஐயா, இவரை ஜெயில் வாசல்லயே மறுபடி பிடிச்சுட்டாங்க. கேள்வி அப்படியே இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தங்கை வீட்டுக்காரர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமாம்மா? வேற ஸ்டெனோவைப் போட்டிருப்போமே. கோர்ட்டுக்குன்னு ஒரு நேர்மை இருக்கில்ல?"

"அந்தப் புது உத்தரவு, ஐயா..."

"அது வேற விஷயம். புதுசா மனு போடச் சொல்லுங்க."

கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக் கொடுத்தார்.

தங்கை லைனிலேயே காத்திருந்தாள். "என்னக்கா சொன்னாரு?"

"புதுசா மனு போடணுமாம்."

"போட்டா எத்தனை நாள்ல எடுப்பாங்க?"

இந்த முறை பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"ஒரு வருஷம்" என்றாள்.