இனிஷியல் இல்லாத தட்டு

மும்பை வடாலாவில் என் வாடகை அறையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் தாறுமாறான கீறல்கள். பக்கத்தில் அழகாக வெட்டிய ‘இசக்கி’. அது என் பெயர். கீறலுக்கு அடியில் கிடப்பது அப்பாவின் பெயர். அப்பா என்று எழுதவே கசக்கிறது. வேறு சொல் இல்லாததால் எழுதுகிறேன்.

அம்மா இறந்த மறுவருஷம், எனக்குப் பதின்மூன்று வயதில், அவர் என்னைத் தாராவியிலிருந்து செம்பூரில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போனார். துணிப்பையோடு இந்தத் தட்டையும் கொடுத்து, “ரெண்டு மாசம் இரு, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்க வருகிறவர்களுக்காக வாசல் திறக்கும். நானும் தலைவாரிக்கொண்டு போய் நிற்பேன். அவர் வரவேயில்லை. வெகுநாள் கழித்து, தாராவியில் எங்கள் வரிசையில் குடியிருந்த அத்தை ஒருத்தி வந்து, அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டு டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னாள். புது வீட்டில் எனக்கு இடமில்லையாம்.

அன்று மத்தியானம் சோற்றைக் கொட்டிவிட்டு, ஒரு ஆணியால் அந்தப் பெயரைக் கீறு கீறென்று கீறினேன். சத்தம் கேட்டு வார்டன் அக்கா வந்தார். அவருக்கும் எங்களைப்போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். உருகிப் பேசவே தெரியாது. தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏட்டி, கையக் கீறலயே, அது போதும். பசிக்கா?”

பசித்தது. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா வேறு தட்டில் சோறு போட்டுவிட்டு, சாயங்காலம் என்னைத் தாராவியில் ஒரு பாத்திரக்கடைக்குக் கூட்டிப்போனார். பெயர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, “இனிஷியல் என்னம்மா?” என்றார்.

“கிடையாது.”

“அப்பா பேரோட மொத எழுத்தும்மா.”

“அதான் கிடையாதுங்கேன்.”

அவர் அக்காவைப் பார்த்தார். “அவ சொன்னத வெட்டும் வே” என்றார் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைச் சாகும்வரை மறக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு வாசலுக்குப் போகவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். யாரும் வந்து கூட்டிப்போக வேண்டாம், நானே நடந்து வெளியே போவேன் என்று பிடிவாதமாகப் படித்தேன். போனேன். இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

போன மாதம், யாரிடமோ விலாசம் விசாரித்துக்கொண்டு அப்பா வந்து நின்றார். அந்த வீட்டில் மதிப்பில்லையாம். “ரெண்டு மாசம் உங்கூட இருந்துக்கிடுதேன்” என்றார். அதே ரெண்டு மாசம்! சிரித்துவிட்டேன். இந்தத் தட்டில்தான் சோறு போட்டேன். பாதி சாப்பிட்டவர் விளிம்பைத் தடவினார்.

“எம் பேரு எங்க?”

“நாந்தான் அழிச்சேன். குழம்பு ஊத்தவா?”

மீதியையும் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கே நானே ஸ்டேஷன்வரை போய் அவரைத் திருப்பி ரயிலேற்றிவிட்டேன். கதவோரம் நின்றபடி, “என்னப் பாக்க வருவியாட்டி?” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கிழம வாசல்ல நின்னு பாருங்க.”

அறைக்கு வந்து தட்டைக் கழுவினேன். அதிலேயே சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல பசி.