டோக்கனின் கடைவாய்ப் பற்கள்: ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு நாள்

பூனையைப் பேருந்தில் கூட்டிப் போக முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும். 1993 பிப்ரவரியில் நானே போயிருக்கிறேன்.

அப்போது ஓசூர் தொழிற்பேட்டையில் அசெம்ப்ளி வேலை. பாகலூர் சாலையில் ஓர் அறையில் நானும் சிங்காரப்பேட்டைக்காரி செல்வியும் தங்கியிருந்தோம். கேன்டீன் டோக்கன் கவுண்டருக்கடியில் கிடந்த குட்டியை அவள்தான் தூக்கி வந்தாள். பெயரும் டோக்கன் என்றே ஆனது. மூன்று வயதில் அதற்கு வாய் நோய் வந்தது. பசியோடு தட்டுக்கு ஓடிவரும். ஒரு வாய் வைத்ததும் அலறிக்கொண்டு ஓடும். எச்சிலில் ரத்தம். உள்ளூர் மருத்துவர் போட்ட ஊசிக்குப் பத்து நாள் அடங்கியது, பிறகு பழையபடி. மூன்றாவது ஊசி கேட்கவே இல்லை. அவரே பெங்களூர் கால்நடை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஒரு வியாழக்கிழமை, இருவருக்கும் லீவு. காலை 6.10 பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு எட்டு ரூபாய் என்று நினைவு. காய்கறிக் கூடைமேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தோம். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் வண்டி இருபது நிமிடம் நின்றபோது டோக்கன் கத்தியது.

“ஏனம்மா அது?” என்ன அது என்று கன்னடத்தில் கேட்டார் நடத்துநர்.

“பெக்கு சார். வாயெல்லாம் புண்ணு,” என்றாள் செல்வி. பூனைக்குக் கன்னடச் சொல் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் எங்களை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார்.

ஒன்பது மணிக்கு மருத்துவமனை. தமிழ் பேசும் பெண் மருத்துவர் டார்ச் அடித்துக் காட்டினார். தொண்டை ஓரம்வரை செக்கச்செவேலென்று புண்.

“பல்லுல படியிற அழுக்கு எல்லாப் பூனைக்கும் இருக்கு. இதோட உடம்பு மட்டும் அதைப் பெரிய எதிரின்னு நெனச்சு சண்டை போடுது, நிறுத்தவே தெரியல. அந்தச் சண்டையில புண்ணாகறது சொந்த ஈறுதான். ஊசி கொஞ்ச நாள் அடக்கும், அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லு பூரா எடுத்தா அழுக்கு படிய எடமிருக்காது. ஆனா சில பூனைக்கு அப்பவும் ஆறாது.”

“பல்லில்லாம எப்படிங்க டாக்டர் திங்கும்?” என்றாள் செல்வி.

“இப்பப் பல்லு இருக்கே, திங்குதா?”

செல்வி கையெழுத்துப் போட்டாள். மாலை நான்கு மணிக்கு, பற்களை எடுத்த பின் தளர்ந்து கிடந்த பூனையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

இரண்டு வாரம் மாற்றமே இல்லை. “பாவத்தப் பண்ணிட்டேன்க்கா” என்று தினமும் அழுதாள். நான்காவது வாரம் ஒரு மதியம், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, டோக்கன் மசித்த மீன்சோறு முழுவதையும் தின்றுவிட்டுத் தட்டை நக்கியது. ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு ஓடினேன்.

“கத்தலியாக்கா?”

“கத்தலை.”

அத்தனை பேர் நடுவில், யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

பூனையோடு போகிறவர்களுக்கு: கூடைக்குள் பழைய துண்டு போடுங்கள். போட்ட ஊசிகளின் சீட்டுகளை எடுத்துப் போங்கள். மயக்க மருந்துக்கு முன் எப்போது சாப்பாட்டை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். பல்லின் வேர் ஏதும் உள்ளே தங்கவில்லையா என்று எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

செல்வி கல்யாணமாகிப் போன பிறகு டோக்கன் என்னோடு ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அவள் எழுதிய கடிதங்களில் என்னை நலம் விசாரிப்பது எப்போதும் இரண்டாவது பத்தியில்தான்.