இடம் பிடித்த பனையேறிக்கெண்டை

அமலோற்பவத்துக்குக் கடல் மீனைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. குளத்து மீனைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

மில்லர்புரத்தில் ராஜபாண்டி அண்ணாச்சியின் பலசரக்குக் கடையை ஒட்டிய வேப்பமரத்தடியில் பத்தொன்பது வருடமாக மீன் விற்கிறார். வாடகை, ரசீது எதுவும் கிடையாது. காலையில் யார் பாத்திரம் முதலில் அங்கே இறங்குகிறதோ, அன்றைக்கு இடம் அவருக்கு. எங்கள் தெருவின் சட்டம் அவ்வளவுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்தாலும் அந்த இடத்தை யாரும் சீண்டியதில்லை. இந்த வருடத் தடைக்காலத்தில் கரும்புச்சாறுக்காரர் ஒருவர் அதன்மேல் கண் வைத்துவிட்டார். கணவரை இழந்த அமலோற்பவத்துக்கு அடுப்பு எரிவதே அந்த இடத்தால்தான்.

அதனால் விடியற்காலை பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போய், ஐந்து கிலோ பனையேறிக்கெண்டை வாங்கிவந்தார். உயிரோடு துள்ளிய குளத்து மீன்கள். கைப்பழக்கத்தில் ஐஸை உடைத்து மேலே கொட்டினார். கடற்கரையில் பிறந்தவர் வேறென்ன செய்வார்?

முதலில் வந்தவர் இசக்கியம்மாள். குளத்தங்கரை ஊரில் வளர்ந்தவர். ஒரு மீனை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்னளா இது, வெறச்சுக் கெடக்கு? குளத்து மீன உசுரோடல்லா வாங்கணும்?”

“ஐஸு போட்டாத்தானக்கா கெடாது?”

“நல்லாப் போட்ட போ, செத்தே போச்சு!”

பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. பதினொரு மணிவரை ஒரு மீன் விற்கவில்லை. நானும் மூக்கைச் சுளித்துவிட்டுப் போனவன்தான். அமலோற்பவத்துக்கு மனசு விட்டுப்போயிற்று.

“நாளையிலேருந்து நான் வரல அண்ணாச்சி. கரும்புக்காரர வரச் சொல்லிருங்க.”

அண்ணாச்சி அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

தரையில் விரித்த சாக்கில் மீனைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனார் அமலோற்பவம். சாக்கில் வெயில் ஏறியது. விறைத்துக் கிடந்த கெண்டை ஒன்று செவுளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு பத்துப் பதினைந்து, நிழல் தேடிக் கடைப் பக்கம். அண்ணாச்சி அரிசி மூட்டைமேல் ஏறி நின்று அலறினார்.

“யம்மா! ஒன் மீனு நடந்து வருது!”

தெருவே கூடிவிட்டது; அமலோற்பவமும் குழாயடியிலிருந்து திரும்பினார். இசக்கியம்மாள் குடத்தோடு ஓடி வந்தார்.

“செத்ததுன்னு சொன்னீயளேக்கா?”

“நாஞ் சொன்னா, அதுக்குத் தெரியுமாளா?”

அரை மணி நேரத்தில் எல்லாம் விற்றுப்போயிற்று. அந்தச் சந்தோஷத்தில், இடத்தை விட்டுக்கொடுத்ததே அவருக்கு மறந்துவிட்டது. மறுநாள் மீன் வாங்கித் திரும்பும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. அந்த பஸ்ஸும் தாமதம். “மாதாவே, மாதாவே” என்று முணுமுணுத்தபடி ஏழரைக்கு வந்து இறங்கினார்.

கரும்புச்சாறு வண்டி எதிர்ச்சாரியில் நின்றது. வேப்பமரத்தடியில் ஒரு சிவப்பு வாளி. மேலே பலகை, பலகைமேல் எடைக்கல்.

“நேத்துக் கடை அடைக்கப்போ பருப்பு மூட்டைக்குப் பின்னால ஒன் மீனு ஒண்ணு கெடந்துச்சு” என்றார் அண்ணாச்சி. “தண்ணியில விட்டு, காலையில வெள்ளன அங்கன கொண்டு வச்சேன். கரும்புக்காரன் ஆறு மணிக்கு வந்தான். பாத்திரம் எறங்கிருச்சுன்னு சொல்லிட்டேன்.”

அமலோற்பவத்துக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் சட்டியை இறக்கினார். ஐஸ் இல்லை, ஈரச்சாக்கு மூடியிருந்தது.

இசக்கியம்மாள் வந்து பலகையை நகர்த்தி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது என்ன வெலளா?”

“அது விக்கியதுக்கில்லக்கா. இன்னைக்கு இந்த எடம் அதோடது.”