ஃபேனுக்கும் மேசைக்கும் ஒரே சுவிட்ச்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ராத்திரி வேலை பார்த்தவன், தூக்கம் கெட்டவன், எதையாவது பார்த்திருப்பான் என்று சொல்வார்கள். சொல்லியும் விட்டார்கள். நான் அந்த வேலையை விட்டு மூன்று மாதம் ஆன பிறகு, பட்டப்பகலில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. மணி, நிமிடம், வோல்ட் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதி வைப்பது பழக்கம். குளிர்பதனக் கிடங்கில் எனக்கு அதுதான் வேலை. மணிக்கு ஒருமுறை பதினாறு மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வருடம் எழுதினேன். ஒரு விடியற்காலையில், பழைய நோட்டுகளைக் கட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருப்பதைப் பார்த்தேன். ஒருவனும் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்ததில்லை. அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

கல்லூரியை அதற்கு முன்பே பாதியில் விட்டிருந்தேன். அதனால் இருப்பிடம் அக்கா வீட்டு மாடி அறை. அத்தானுக்கு ஒலிபெருக்கிக் கடை. வாடகைக்கு விடுவார், பழுதும் பார்ப்பார். ஒருநாள் கடையில் நாலு பேர் நடுவே சொன்னார்:

"படிப்பும் பாதி, நைட் ஷிஃப்டும் பாதி. சோறு மட்டும்தான் தொர முழுசா முடிக்கிறாரு."

நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அத்தான் கடையின் பின்பக்கத்திலிருந்து துருப்பிடித்த ஒரு தகரப்பெட்டியை எடுத்து வந்து மேசையில் போட்டார். யாரோ கையாலேயே கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட கிட்டார் ஆம்ப். பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, கண்டென்சர் இருந்தது. வால்வு இல்லை, பவர் சுவிட்சுக்கு வெறும் ஓட்டைதான் இருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு கோஷ்டி வருது. அதுக்குள்ள இதைப் பாட வை. வெச்சா இந்த மேசை உனக்கு. இல்லன்னா மாடிய காலி பண்ணு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் இரண்டு காரியத்துக்காகச் சம்மதித்தேன். ஒன்று, போக வேறு இடமில்லை. இன்னொன்று, அவர் முகத்தில் அந்தச் சத்தத்தை அடிக்க வேண்டும்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மெக்கானிக் ஒருவர் அதில் பதினோரு வருடம் வேலை பார்த்து, நான்கு வருடத்துக்கு முன் அதிலேயே செத்துப்போனார். நான் அவரைப் பார்த்ததில்லை. இந்தத் தகரப்பெட்டி அவர் தனக்காகக் கட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அத்தான் மறைத்ததில்லை. பாடமாகவே சொல்லுவார்.

"வால்வு ஆம்ப்ல நானூறு வோல்ட்டுக்கு மேல ஓடும். ஒரு கை உள்ள, இன்னொரு கை பின்பாக்கெட்டுல. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா நெஞ்சு வழியா பாயும், ஆள் காலி. அவன் கடைசி வரைக்கும் அந்த ஒழுங்க விடல. நான்தான் மொதல்ல பாத்தேன். வலது கையில மீட்டர் குச்சி, இடது கை பாக்கெட்டுக்குள்ள. கரண்ட் இல்லடா, ஹார்ட்டு. டாக்டரே ஒத்துக்கிட்டாரு."

மேசையில் இன்னொரு கோளாறும் உண்டு. அதன் சாக்கெட் உடைந்து வருடக்கணக்காகிறது. ஒயரை நேராக ஒயரோடு முறுக்கித்தான் எதையும் கொடுக்க வேண்டும். பிடுங்குவதற்குப் பிளக் கிடையாது. அணைக்க ஒரே வழி, முன்பக்கம் கல்லாப்பெட்டி அருகே இருக்கும் சுவிட்ச். கடையின் முன்பக்க ஃபேனும் அதே சுவிட்சில்தான். தனியாக ஒரு சுவிட்ச் போடச் சொன்னேன்.

"மேசைக்கு வந்து நாலு நாள் ஆகல, தொர கடைக்கே ஒயரிங் சொல்லித் தராரு" என்றார்.

வியாழக்கிழமை. மதியம் 1.30-க்கு அத்தான் வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மணிவரை தூங்குவார். ஷட்டரை உள்ளிருந்து இறக்கிப் பூட்டினேன். கடையில் நான் மட்டும். சுவிட்சைப் போட்டேன். முன்னால் ஃபேன் கிர்ர் என்று சுற்ற ஆரம்பித்தது. மேசை விளக்கு எரிந்தது.

1.42. அத்தான் வாங்கித் தந்த புது வால்வுகள் சூடாகி ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. இடது கையைப் பின்பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு இணைப்பாக அளந்தேன். பெரிய கண்டென்சரில் 421 வோல்ட். எழுதினேன். அடுத்தது 417. எழுதினேன்.

தகரப்பெட்டியின் உட்சுவரில் ஒரு காகித டேப் ஒட்டியிருந்தது. பழைய மெக்கானிக்கின் கணக்கு. அவரும் என்னைப் போலத்தான்: மணி, இடம், வோல்ட். டார்ச் அடித்துப் படித்தேன்.

421. 417.

லைனில் வரும் கரண்ட் ஒவ்வொரு மணி நேரமும் மாறும். வால்வுகள் புதியவை. நான்கு வருடம் கழித்து அதே எண்கள் வரவே வராது. அடுத்த இணைப்பை அளந்தேன். மைனஸ் 38.6. டேப்பைப் பார்த்தேன்.

மைனஸ் 38.6.

எரிச்சல்தான் வந்தது. மீட்டர் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். மீட்டருக்கு வேறு பேட்டரியைப் போட்டு அளந்தேன். அதேதான். டேப்பில் எழுத்து முழுக்க மை ஈஷியிருந்தது. ஒவ்வொரு வரியின் மேலும் ஈர மை காய்வதற்குள் யாரோ கையை இழுத்ததுபோல ஒரு நீலப் புகை.

1.58. பயாஸ் பார்க்க ஆரம்பித்தேன். வால்வு சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கலாம் என்று நிறுத்தி வைப்பதுதான் பயாஸ். குறைந்தால் சத்தம் செத்துப்போகும். கூடினால் வால்வுக்குள் தகடு சிவந்து உருகும். ஒரு வால்வு 36 மில்லி ஆம்பியர், சரி. மற்றது 58. தகட்டின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. அதன் அடியில் கரண்ட்டைத் தடுக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாற்ற வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். வலப்பக்கம் வைத்திருந்தேன். இடப்பக்கம் கிடந்தது.

எடுத்து வலப்பக்கம் வைத்தேன். கட்டரைத் தேடினேன். அதுவும் இடப்பக்கம். குறடு, பேனா, டார்ச்... எல்லாம் இடப்பக்கம். வரிசையாக.

"யார்ரா அது?" என்றேன் சத்தமாக. அத்தான்தான் ஆள் வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். எழுந்துபோய் ஷட்டரைப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. கழிவறையைத் திறந்து பார்த்தேன். ஸ்பீக்கர் அடுக்குகளுக்குப் பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

2.10. சுவிட்சை அணைத்தேன். 'டக்.' ஃபேன் மெதுவாக நின்றது. மேசை விளக்கு போய்விட்டது. மேலே இருந்த சின்ன ஜன்னல் வெளிச்சம் மட்டும். ரெசிஸ்டர் வைத்துக் கண்டென்சரை வடித்தேன். அணைத்த பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும், வடிக்காமல் தொடக்கூடாது. இருபது எண்ணினேன். மீட்டரைக் கண்டென்சரிலேயே மாட்டி வைத்தேன். 0. எழுதினேன்: '2.10. மெயின் ஆஃப். வடித்தாச்சு. 0.'

டார்ச் வெளிச்சம் டேப்பின் கடைசி வரியில் விழுந்தது.

'2.10. மெயின் ஆஃப். வடித்தாச்சு. 0.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

சரியாகச் சொல்கிறேன். அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த மேசை கிடைக்க நான் நாலு நாளாக நாய் மாதிரி உழைக்கிறேன், செத்தவன் வந்து என் நோட்டில் குறுக்கே நிற்கிறானா என்றுதான் தோன்றியது. மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மெயின் அணைந்திருக்கிறது. இரண்டு கையும் உள்ளே போகலாம். இடது கையில் குறடு, வலது கையில் கட்டர். இடது கையை உள்ளே விட்டு ரெசிஸ்டரைப் பிடித்தேன்.

வலது கையை உள்ளே விட்டேன்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

குளிர்ச்சி இல்லை. சூடு. வேலை செய்துகொண்டிருக்கும் ஆளின் கைச்சூடு. ஐந்து விரல்...

கட்டர் விழுந்தது.

"விடுடா!" என்று கத்தினேன். உதறினேன். பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது. என் கையைப் பின்னால் இழுத்தது. முதுகுப் பக்கம்... கீழே... என் பின்பாக்கெட்டுக்குள் திணித்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டது.

வலது கையை. வலது பாக்கெட்டில்.

கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன். எட்டி உதைத்தேன். நாற்காலிதான் விழுந்தது.

என் இடது கை பெட்டியை விட்டு வெளியே வந்தது. நான் எடுக்கவில்லை. குறட்டைக் கீழே வைத்தது. பேனாவை எடுத்தது.

அப்போது முன்பக்கத்தில்...

'டக்.'

கிர்ர்... கிர்ர்ர்...

ஃபேன்.

மேசை விளக்கு எரிந்தது.

மீட்டரைப் பார்த்தேன்.

0... 90... 260...

448.

அந்தப் பிடி இல்லையென்றால் என் இரண்டு கையும் அதற்குள் இருந்திருக்கும்.

இடது கை எழுதியது. நிதானமாக. எழுதி முடித்து, பேனாவை மூடியது.

பிடி விட்டது.

எப்படி ஷட்டரைத் தூக்கினேன் என்று தெரியாது. போகிற போக்கில் சுவிட்சைப் பார்த்தேன். போட்டபடி இருந்தது. அடித்து அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். வெயிலில் நின்று கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் ஐந்து சிவப்புத் தடம். இடது உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீல மை.

நான்கு மணிக்கு அத்தானோடுதான் உள்ளே போனேன். நோட்டில் என் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி, மை ஈஷியிருந்தது.

'2.17. 448.'

அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் சனிக்கிழமைவரைகூட மாடி இருக்காது. மறுநாள் அவர் கடையில் இருக்கும்போதே, ஒயரின் முறுக்கை அவிழ்த்துத் தனியே பிரித்துப்போட்டுவிட்டு ரெசிஸ்டரை மாற்றினேன். இரண்டு வால்வும் 36-க்கு வந்து நின்றன.

சனிக்கிழமை சாயங்காலம் கோஷ்டி வந்தது. கிட்டார்காரர் ஒரு கம்பியை மீட்டினார். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மீட்டினார். அத்தான் என் முதுகில் தட்டினார்.

"பரவால்லயே! பாதிப் பய முழுசா ஒண்ணு முடிச்சிட்டான். மேசை உனக்குடா."

அந்த நேரம் ஆம்புக்கு உறை தைத்துக்கொண்டு வந்து நின்றார் தையல்கார அம்மா. பழைய மெக்கானிக்கின் மனைவி. அவர் போன பிறகு கடைக்கு உறை தைத்துத்தான் பிழைக்கிறார். பின்பலகை திறந்திருந்தது. உறையின் அளவு பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது அவரு எழுத்து தம்பி."

டேப்பின் மேல் விரலை வைத்தார். சிரித்தார்.

"எப்படி ஈஷி வெச்சிருக்காரு பாரு. பள்ளிக்கூடத்துல அடிச்சும் மாறலயாம். எழுதுறது, சாப்பிடறது, மீட்டர் பிடிக்கிறது எல்லாமே இடது கைதான். சட்டை கையில எப்பவும் மை. தொவைச்சு தொவைச்சு எனக்கு கை போயிடும்."

என் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"அப்போ பாக்கெட்டுல எந்தக் கைய வைப்பாரு?"

"வலதுதான். ஏன்?"

கல்லாப்பெட்டி அருகே அத்தான் நின்றுகொண்டிருந்தார். பதினைந்து பேரிடமாவது அவர் சொன்ன பாடம் அது. வலது கையில் குச்சி, இடது கை பாக்கெட்டுக்குள். அதை அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

நான் நோட்டை எடுத்து டேப்புக்கு அருகில் வைத்தேன். அவருடைய கடைசி வரி. அதற்கு அடுத்த வரி. அந்த அம்மா இரண்டையும் படித்தார். வோல்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், பதினோரு வருடம் ஒரு மெக்கானிக்குக்குச் சாப்பாடு கட்டியவர்.

"இது எப்ப எழுதினது?"

"முந்தாநாள்."

அவர் எப்படி என்று கேட்கவில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"அவரு போன அன்னிக்கு ரெண்டரைக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடி வந்தேன். இந்த ஃபேன் இப்படித்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. யாரோ வேர்த்து விறுவிறுத்து கடைக்கு வந்தாங்களாம், பாவம்னு உங்க அத்தான்தான் ஃபேன் சுவிட்ச போட்டாராம். இவரே சொன்னாரு."

கோஷ்டிக்காரர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். ஆம்ப் மட்டும் ம்ம்ம் என்று முனகியது.

தையல்கார அம்மா அத்தானை நேராகப் பார்த்தார். குரல் ஏறவில்லை.

"அவரு கைய எடுத்து பாக்கெட்டுல வெச்சீங்களே... அப்ப அந்தக் கை சூடா இருந்துச்சா?"

அத்தான் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.